மும்பைத் தமிழரின் இசை

மாட்டுங்கா, தாராவி, செம்பூர், கோவண்டி வட்டாரங்களில் குடியேறிய தமிழர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து வளர்த்த இசை. இதன் வரலாறு பெரும்பாலும் சபாக்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது; அது பாதிக் கதைதான்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலக வேலை தேடி வந்த குடும்பங்கள் மாட்டுங்காவில் கூடின. பஜனை சமாஜம், ஆஸ்திக சமாஜம் போன்றவற்றில் நாமசங்கீர்த்தனமும் கச்சேரியும் வேரூன்றின. மும்பையில் எச்.ஏ.எஸ். மணியிடம் பாட்டுக் கற்ற சகோதரிகள் சரோஜா–லலிதா, சென்னைக்குப் போய் முசிறி சுப்பிரமணிய ஐயரிடம் பயின்று புகழ்பெற்ற பிறகும் பாம்பே சகோதரிகள்தான். 1952இல் ஷண்முகானந்த சபா தோன்றியது. 1963இல் திறந்த அதன் பேரரங்கு 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் எழுந்தது. குடும்பங்கள் செம்பூருக்கும் பரவின. அங்கே பிறந்த சங்கர் மகாதேவன், டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக இசை கற்றவர்.

ஷண்முகானந்த அரங்கிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். ஆனால் தோல் பதனிடும் வேலைக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் இசை அந்த மேடையை எட்டவில்லை. அவர்களுக்குக் கோயில் விழாவின் மேளமும் சினிமாப் பாட்டும் இருந்தன. கிங்ஸ் சர்க்கிள் அரோரா டாக்கீஸில் ரஜினி படம் வந்தால் வாசலில் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம், உள்ளே பாட்டுக்குப் பாட்டு விசில். கோவண்டியை அடுத்த சீத்தா கேம்ப் தமிழர்களின் கதை வேறு: 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் ஒட்டுமொத்தமாக இங்கே இடம்பெயர்க்கப்பட்டனர்.

இந்தக் குடியிருப்புகளின் அடுத்த தலைமுறை கையிலெடுத்தது ராப். 2012 வாக்கில் தாராவியில் உருவான டோப்அடெலிக்ஸ் குழு, பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் தமிழும் இந்தியும் கலந்து பாடியது. சபாவுக்கும் சந்துக்கும் நடுவே பாலம் போட்டவர் மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன். 'தா தோம்' என்ற தம் திட்டத்தில் ராப் பாடும் இளைஞர்களுக்குச் சொற்கட்டும் தாளக் கணக்கும் கற்பித்தார். தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கு மூச்சும் நாக்கும் எப்படி ஒத்துழைக்க வேண்டுமோ, ராப்புக்கும் அப்படியே. அதனால் அவர்கள் அதைச் சட்டெனப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. அந்தத் திட்டத்தின் விளைச்சல், 'கல்லி பாய்' (2019) படத்தில் இடம்பெற்ற 'இந்தியா 91'.

ராப் தாராவியோடு நிற்கவில்லை: 2023 பிப்ரவரியில் கோவண்டி நட்வர் பாரேக் குடியிருப்பில் நடந்த கலை விழாவில், உள்ளூர் இளைஞர்களின் நாடகம், புகைப்படம் ஆகியவற்றோடு ராப்பும் இடம்பெற்றது.