தபால் முத்திரையும் நாட்டு வரலாறும்

நாட்டு வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் சான்றாகும் என்பதை எவரும் ஒப்புவர். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளைப்பற்றி எழுதப் புகுவோர், நந்தி இலச்சினையும் 'சேது' என்னும் சொல்லும் பொறித்த நாணயங்களை முதற்கண் எடுத்துக்காட்டுவர். ஒரு சிறு செப்புத் துண்டிலே பொறித்த இரண்டு எழுத்துக்கள், அவ்வரசர் தம்மை யாவரென எண்ணினர் என்பதையும், எம்மொழியிலே தம்மை உலகிற்கு அறிவித்தனர் என்பதையும் பல நூற்றாண்டுகளின் பின்னும் எமக்கு உணர்த்துகின்றன. நாணயத்தைப் போலவே அரசின் ஆணையால் அச்சிடப்பட்டு, விலை குறிக்கப்பட்டு, குடிமக்கள் கையிலே வழங்குவது தபால் முத்திரை. ஆயினும், அதனைச் சேகரித்தலைச் சிறுவர் விளையாட்டென்றும், பரீட்சைக்கு உதவாத பொழுதுபோக்கென்றும் கருதுவார் எம்மிடையே பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரை தோன்றிய காரணத்தை முதலிற் கூறுதல் வேண்டும். முன்னாளிற் கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்திவந்தனர். தூரத்திற்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறியமையால் ஏழைகள் கடிதத்தை வாங்காது திருப்பி அனுப்புதலும் உண்டு. அனுப்புபவரே முற்கூட்டிச் செலுத்தும் குறைந்த கட்டண முறையை இங்கிலாந்திலே றோலண்ட் ஹில் என்பார் வகுத்தார். அதன் பயனாக 1840 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி விக்டோரியா இராணியின் தலையுருவம் தாங்கிய ஒரு பென்சுக் கறுப்பு முத்திரை வழக்கிற்கு வந்தது. பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 1857 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் திகதி, இலங்கையின் முதல் முத்திரை வெளியாயிற்று. அதன் விலை ஆறு பென்சு. இங்கிலாந்திற்கு அரை அவுன்சுக் கடிதம் அனுப்புதற்கான கட்டணம் அதுவே. இந்நாட்டின் முதல் முத்திரை யாருடைய தேவையை முன்னிட்டுப் பிறந்தது என்பதை அவ்விலையே சொல்லிவிடுகின்றது. 1872 இல் உரூபாவும் சதமும் வழக்கிற்கு வந்தபோது முத்திரையிலும் பென்சு மறைந்து சதம் தோன்றியது.

முத்திரைகள் இருவகைப்படும். ஆண்டுக்கணக்காக எல்லாத் தபாற்கந்தோர்களிலும் நாள்தோறும் விற்கப்படுபவை பொது முத்திரைகள். ஒரு நிகழ்ச்சியையோ ஒரு பெரியாரையோ நினைவுகூர்தற்பொருட்டுச் சிறிது காலம் மாத்திரம் விற்கப்படுபவை ஞாபகார்த்த முத்திரைகள். ஞாபகார்த்த முத்திரை திருவிழாவை ஒத்தது. பொது முத்திரை நித்திய பூசையை ஒத்தது. சேகரிப்போர் பலர் திருவிழாவையே நாடுவர். வரலாற்று மாணவனோ இரண்டையும் நோக்குதல் வேண்டும். அரசு எதை நினைவிலிருத்த விரும்பிற்று என்பதை முன்னையது காட்டும். அரசு தன்னை யாரென்று எண்ணிற்று என்பதைப் பின்னையது காட்டும்.

இவ்வேறுபாட்டை அவுஸ்திரேலிய முத்திரைகளைக்கொண்டு விளக்குதல் எளிது. எம்மவர் பலர் அந்நாட்டிற் குடியேறியிருத்தலின், எம் மாணவரின் சேகரிப்பேடுகளிலே அந்நாட்டு முத்திரைகளும் நிறைய உள. ஆறு குடியேற்றங்கள் 1901 இல் ஒன்றுசேர்ந்து அவுஸ்திரேலியப் பொதுநலவாயமாயின. அப்பொதுநலவாயத்தின் முதற் பொது முத்திரை 1913 ஆம் ஆண்டு சனவரி மாதம் 2 ஆந் திகதி வெளிவந்தது. அதில் மன்னர் தலை இல்லை. நாட்டின் வெறும் வரைபடமும் அதன் நடுவே ஒரு கங்காருவுமே உண்டு. அப்போது ஆட்சியிலிருந்த பிஷரின் தொழிற்கட்சி அரசு, தம் நாட்டிற்குத் தனி அடையாளம் வேண்டுமெனக் கருதி அவ்வுருவை ஏற்றது. மன்னர் தலையின்மை அரசபக்தர்க்கு வெறுப்பை விளைத்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஆட்சி குக் என்பாரின் கட்சிக்கு மாறிற்று. ஆண்டு முடியுமுன் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை தாங்கிய ஒரு பென்சு முத்திரையும் வந்துவிட்டது. கங்காருவும் மறையவில்லை, இரண்டும் பல்லாண்டுகள் பக்கம்பக்கமாக விற்கப்பட்டன. ஒரு நாட்டின் இரு மனங்களும் ஒரே தபாற்கந்தோரிலே கிடைத்தன எனலாம்.

அந்நாட்டின் முதல் ஞாபகார்த்த முத்திரை, கன்பராவிலே பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட 1927 இல் வெளியாயிற்று. சிட்னித் துறைமுகப் பாலம் 1932 இல் முத்திரையேறிற்று. ஆயின், இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 1950 ஆம் ஆண்டின் எட்டரைப் பென்சுப் பொது முத்திரையாகும். அதிலே தாடியுடன் தொலைவை நோக்கி நிற்கும் பழங்குடியினர் ஒருவரின் முகம் காணப்படும். அவர் கற்பனை மனிதரல்லர். குவோயா ஜுங்கராய் என்னும் அவர், 1928 இல் மத்திய அவுஸ்திரேலியாவிலுள்ள கொனிஸ்டன் பகுதியிற் பழங்குடியினர் பலர் கொல்லப்பட்டபோது உயிர் தப்பியவர். முத்திரை வெளியானபோதும் அவர் உயிரோடிருந்தார். 1965 இலேயே இறந்தார். எனினும், அம்முத்திரையில் அவர் பெயர் இல்லை. பழங்குடியினன் என்னும் பொதுச்சொல்லே உண்டு. முகம் நாட்டிற்கு வேண்டியிருந்தது, பெயர் வேண்டியிருக்கவில்லை. 1968 இல் ஓவியர் அல்பேட் நமட்ஜிராவின் உருவம் முத்திரையில் வந்தபோதுதான் பழங்குடியினர் ஒருவர் தம் பெயரோடு அங்கே தோன்றினார். பதினெட்டு ஆண்டுகளில் அந்நாட்டின் மனம் எவ்வளவு தூரம் நடந்தது என்பதை இவ்விரு சிறு தாள்களும் அளந்து காட்டுகின்றன.

இனி, இதே கண்கொண்டு எம் நாட்டு முத்திரைகளை நோக்குவோம். இலங்கையின் முதல் ஞாபகார்த்த முத்திரைகள் 1935 இல், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி வெளியாயின. அவற்றிலுள்ள காட்சி இங்கிலாந்தின் வின்சர்க் கோட்டை. பிரித்தானியரின் குடியேற்ற நாடுகள் பலவற்றிற்கும் அதே படம், நாட்டின் பெயர் மாத்திரம் வேறு. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் வந்த பதினொரு பொது முத்திரைகளில் நாட்டுக் காட்சிகள் இடம்பெற்றன. இறப்பர் வெட்டுதல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தேயிலை கொய்தல், மலைநாட்டு வயல், ஆறு, தென்னை, தலதா மாளிகை, குளம், காட்டியானை, திருகோணமலை என்பன அவை. தென்னை உண்டு, பனை இல்லை. குடாநாட்டு வேலியும் கிணறும் இல்லை. ஏற்றுமதிப் பொருளையும் பிரயாணிகளைக் கவரும் காட்சியையும் கண்ட கண் அது. குறை கூறுதற்காக இதனைச் சொல்லவில்லை. படத்தைத் தெரிந்தவர் நின்ற இடம் எது என்பதை மாணவர் உணர்தற்பொருட்டே சொன்னேன்.

சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவாகிய 1949 பெப்ரவரி 4 ஆந் திகதி, சிங்கக்கொடியும் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் உருவமும் முத்திரைகளில் வந்தன. அதன்பின் 1950 தொடக்கம் புதிய பொது முத்திரைகள் வெளியாயின. அவற்றுள் 1952 இல் வந்த முப்பத்தைந்து சத முத்திரையே இக்கட்டுரைக்கு உயிரானது.  அம்முத்திரையின் தமிழ் எழுத்துக்களுள் ஒன்றின் மேல் இருக்கவேண்டிய புள்ளி விடுபட்டிருந்தது. 1954 இல் அப்புள்ளி சேர்க்கப்பட்டு முத்திரை மீண்டும் அச்சாயிற்று. உலகெங்கும் உள்ள முத்திரைப் பட்டியல்கள் புள்ளியில்லாததை முதல் வகை என்றும் புள்ளியுள்ளதை இரண்டாம் வகை என்றும் இன்றும் பிரித்துக் காட்டும்.

அயல்நாட்டார்க்கு இது ஓர் அச்சு வேறுபாடு மாத்திரமே. தமிழறிந்தார்க்கோ புள்ளி என்பது எழுத்தின் உயிர்நிலை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியர் விதி செய்தார். புள்ளி நீங்கின் மெய் உயிர்மெய்யாகும்; சொல் சிதையும். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளியிடின் ஓலை கிழியுமாதலின் ஏடெழுதினோர் அதனை விடுத்தனர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். அவ்வேடுகளை ஆராய்ந்து, மெய்யிது உயிர்மெய்யிதெனத் தெளிந்து, புள்ளியிட்டுப் பிழையற அச்சேற்றிய பெருந்தொண்டு எம் குடாநாட்டார்க்குச் சிறப்பாக உரியது. 1849 இற் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரும், அவர்வழி வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஒரு புள்ளிக்காகப் பல ஏடுகளை ஒப்புநோக்கியவர்கள். அத்தகைய புள்ளி, அரசின் முத்திரையிலே இரண்டாண்டுகள் இல்லாதிருந்தது. தமிழறிந்த ஒருவர் கண் அச்சுக்கு முன்னர் அதன்மேல் பட்டிருப்பின் இது நேர்ந்திராது. எனினும், தவறு திருத்தப்பட்டது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. திருத்துதற்குரியது என்று அரசு அந்நாளிற் கருதியதே ஒரு வரலாற்றுச் செய்தியாகும்.

ஏனெனில், புள்ளி சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே, அதாவது 1956 இல், 33 ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிச் சிங்களம் மாத்திரமே ஆட்சிமொழியாயிற்று. 1958 தொடக்கம் பழைய முத்திரைப் படங்கள் சில, எழுத்துக்கள் மாற்றி வரையப்பெற்று மீண்டும் வெளியாயின. முந்தியதையும் பிந்தியதையும் அருகருகே வைத்து, எம்மொழி எவ்விடத்தில், எவ்வளவிற் பொறிக்கப்பட்டது என்பதை மாணவன் பூதக்கண்ணாடிகொண்டு தானே அளந்து பார்ப்பானாக. நூலிற் படித்தறியும் சட்டம் அப்பொழுது கண்ணிற் படும் பொருளாகும். 1971 இல் நாட்டுப் பெரியார் ஐவர்க்கு ஐந்து சத முத்திரைகள் வெளிவந்தபோது அவருள் ஒருவராக நாவலரும், மற்றொருவராக ஆனந்த குமாரசுவாமியும் இடம்பெற்றனர். 1975 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் முத்திரை வெளியாயிற்று. 1972 இற் குடியரசானபோது 'சிலோன்' என்னும் ஆங்கிலப் பெயர் 'ஸ்ரீ லங்கா' என மாறிற்று. தமிழ்ப் பெயரோ முன்னும் பின்னும் இலங்கை என்றே நின்றது. தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்திலேதான் ஏறிற்று.

ஈற்றில் என்னைப்பற்றிய ஒரு செய்தி. எந்தையார் நாற்பதாண்டுகளாகச் சேர்த்த முத்திரையேடுகள் மூன்று எம் வீட்டில் இருந்தன. 1995 ஐப்பசி ஈற்றில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, காணியுறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடங்கிய கோவை ஒன்றையே எடுத்துச்சென்றோம். மீண்டு வந்தபோது ஏடுகள் மழையிலும் கறையானிலும் மண்ணாய்ப் போயிருந்தன. எந்தையார் ஒன்றும் பேசவில்லை. சில நாட்களின் பின் உறுதிக் கோவையைப் புரட்டியபோது, உறுதியொன்று வந்த பழைய பதிவுத் தபால் உறை அகப்பட்டது. அதன் மூலையிலே அந்த முப்பத்தைந்து சத முத்திரை. என்னை வெளிச்சத்திற்கு அழைத்து, "புள்ளி இருக்கிறதா பார்" என்றார். இல்லை. "இருந்திருந்தால் வேறு முத்திரை" என்றார். எழுத்துக்களை உற்றுநோக்கும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கிற்று. நான் வரலாறு கற்றதும் கற்பிப்பதும் அதன் பின்னரே.

1981 இல் எம் பொது நூலகம் எரிந்தது. பின்வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு ஏடுகளும் கடிதங்களும் அழிந்தன. எஞ்சியவை பெட்டகத்தின் அடியிலும் உறுதிக்கட்டுகளின் நடுவிலும் சிதறிக்கிடக்கின்றன. மின்னஞ்சல் வந்தபின் கடித உறையின் அருமை இளைஞர்க்குத் தெரிதல் அரிது. ஆகவே, மாணவர்காள், வீட்டிலே பழைய உறைகளைக் கண்டால் முத்திரையைக் கிழித்தெடுத்து உறையை எறிந்துவிடாதீர்கள். தபாற்கந்தோரின் பெயரும் திகதியும் பதிந்த உறையோடு கூடிய முத்திரையே முழுச்சான்று. அதனைத் தாளிடை வைத்து, எங்கே கிடைத்தது, யாருக்கு வந்தது என்பதை ஒரு குறிப்பில் எழுதுங்கள். பின்னர், படத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் படியுங்கள். எவர் பெயர் உண்டு, எவர் பெயர் இல்லை, புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றதா என்று கேளுங்கள். சேதுக் காசின் இரண்டெழுத்தை எமக்காகக் காத்துத் தந்தவர் யாரென அறியோம். இவ்வெழுத்துக்களைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கடமை எம்முடையது.