ஒரே ஒரு காசு

வரலாற்று ஆசிரியனிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஆண்டுகளைப் பற்றியவை. பணத்தைப் பற்றி அவனிடம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆதலின், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர், தாம் சேர்த்த பெரும்பொருளைக் கொண்டு ஒரே ஒரு பழங்காசு வாங்கப் போவதாகவும், அஃது எக்காசாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவேண்டும் எனவும் எழுதியபோது எனக்கு வியப்பினும் அச்சமே மிகுந்தது. அவர் அயல்நாட்டில் இருபது ஆண்டுகள் வாணிபம் செய்து, அண்மையில் தம் பங்கை விற்றவர். வீடு, நிலம், பொன் எல்லாம் வேண்டிய அளவு உள்ளன என்றும், மகனுக்கு விட்டுச்செல்ல வரலாறு உள்ள பொருள் ஒன்று வேண்டும் என்றும் எழுதியிருந்தார். 'வகுப்புக்கு நீங்கள் ஒரு தகரப் பெட்டியில் இராசராசன் செப்புக்காசு கொண்டு வருவீர்களே ஐயா, அதனால் வந்த வினை இது' என்று அக்கடிதம் முடிந்திருந்தது.

அந்தச் செப்புக்காசு இன்றும் என்னிடம் உள்ளது. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும். தமிழகத்திலும் ஈழத்திலும் ஏராளமாகக் கிடைக்கும் காசு அது, அரியதன்று. ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது எளிதிற் கிடைக்கும். நூறாண்டுகூட ஆகாதது கோடிக்கணக்கில் விலைபோகும். காசுகளைப் பற்றி மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே. பழமை வேறு, அருமை வேறு. எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் எஞ்சியுள்ளன, எத்தனை பேர் விரும்புகின்றனர் என்னும் மூன்றும் சேர்ந்தே விலையை உண்டாக்குகின்றன.

அவர் முதலில் நினைத்தது அமெரிக்க நாட்டின் 1933 ஆம் ஆண்டு இருபது டாலர் பொற்காசை. அவ்வாண்டில் 4,45,500 காசுகள் அச்சிடப்பட்டன. ஆனால் பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த அந்நாட்டில், ஏப்ரல் மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் மக்களிடமிருந்த பொன்னைத் திரும்பப் பெற ஆணையிட்டார். புதிய காசுகள் வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. சில மட்டும் எவ்வாறோ நாணயசாலையை விட்டு வெளியேறின. அவற்றுள் ஒன்றை எகிப்து மன்னர் பாரூக் 1944 இல் முறையான ஏற்றுமதி உரிமத்துடன் பெற்றார். 1952 இல் அவர் அரியணை இழந்தபின், 1954 இல் அவருடைய திரட்டு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க அரசு வேண்டியதன்பேரில் இக்காசு மட்டும் விலக்கப்பட்டு, பின்னர் மறைந்தது. 1996 இல் நியூயார்க்கில் காவலர்கள் அதனைக் கைப்பற்றினர். வழக்கு நடந்த காலத்தில் உலக வணிக மையக் கட்டடத்தின் பெட்டகத்தில் இருந்த அக்காசு, அக்கட்டடங்கள் தகர்க்கப்படுவதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 2002 இல் அஃது ஏறத்தாழ 75,90,000 டாலருக்கும், 2021 இல் 1,88,72,250 டாலருக்கும் விற்கப்பட்டது. முதல் விற்பனையின்போது, இதுவரை வெளியிடப்படாத காசு என்பதால், அதன் முகமதிப்பாகிய இருபது டாலரையும் வாங்கியவரிடம் தனியாக வசூலித்துக்கொண்டது அரசு. கணக்கர்களின் உள்ளம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

சுவையான வரலாறுதான். ஆயினும் எனக்கு ஒரு குறை தோன்றியது. அக்காசு ஒருநாளும் சந்தைக்குச் செல்லவில்லை. அதைக் கொடுத்து எவரும் ஒருபடி கோதுமை வாங்கவில்லை. அதன் கதை முழுவதும் பெட்டகங்களிலும் நீதிமன்றங்களிலும் நிகழ்ந்த கதை. விலை அவர் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் இந்த வாதம் எளிதில் முடிந்தது.

அடுத்து, அழகையே அளவுகோலாகக் கொள்வோம் என்றார். அழகு என்றால் சிசிலித் தீவின் சிராக்கூசு நகரம் கி.மு. 400 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட பத்துத் திராக்மா வெள்ளிக்காசுக்கு நிகரானவை மிகச்சில. ஏறத்தாழ 43 கிராம் எடை. ஒருபுறம் பாய்ந்து செல்லும் நாற்குதிரைத் தேர்; மறுபுறம் நீர்த்தெய்வமாகிய அரெத்தூசாவின் தலை, அதனைச் சுற்றி நீந்தும் ஓங்கில்கள். அச்சைச் செதுக்கிய கிமோன், யுவைனெத்தோசு என்னும் கலைஞர்கள் தம் பெயரையும் அதிற் பொறித்தனர். நம் நாட்டில் கோயில் கட்டிய சிற்பிகளுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அதை எண்ணும்போது அந்தச் சிறு கையெழுத்தின்மீது எனக்குப் பொறாமைகூட உண்டாகிறது.

இதே எடையில் ஏதென்சு நகரமும் ஒரு காசு அடித்தது. சிறகு விரித்த ஆந்தை பொறித்த அக்காசு நெடுங்காலம் உலகில் ஒரு டசன் அளவிலேயே அறியப்பட்டிருந்தது. 1984 இல் துருக்கி நாட்டின் எல்மாலி என்னுமிடத்தில், உலோகங்காட்டும் கருவியுடன் சென்றவர்கள் ஏறத்தாழ 1,900 வெள்ளிக்காசுகள் கொண்ட புதையலைத் தோண்டினர். ஆந்தைக் காசுகள் மட்டும் அதில் ஒரு டசனுக்கு மேலிருந்தன. ஒரே நாளில் அருமை பாதியாகக் குறைந்தது! புதையல் கடத்தப்பட்டு அமெரிக்கா சேர்ந்தது. துருக்கி அரசு வழக்காடி 1999 இல் திரும்பப் பெற்றது. பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கியவர்கள் காசையும் இழந்தனர். இச்செய்தியை அவருக்கு எழுதும்போது, அது பின்னால் எவ்வளவு பயன்படப் போகிறது என்று நான் அறியேன்.

இதற்கிடையே அவருடைய உள்ளம் வேறொரு காசில் பதிந்துவிட்டது. நானே வகுப்பில் அதைப்பற்றிப் பேசியிருக்கிறேனாம். அது புரூட்டசின் வெள்ளிக்காசு.

கி.மு. 44 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சூலியசு சீசரின் முகம் உரோமாபுரியின் காசுகளில் பொறிக்கப்பட்டது. தெய்வங்களின் முகமும் மறைந்த முன்னோர் முகமும் காசில் வருவது வழக்கம்; அந்நகரின் நாணயசாலை உயிரோடிருக்கும் உரோமன் ஒருவனின் முகத்தைப் பொறித்தது அதுவே முதன்முறை. குடியாட்சியை விரும்பியவர்கள் அதனை முடிசூட்டலுக்கு முன்னறிவிப்பாகக் கண்டனர். மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள் சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களுள் முதன்மையானவர் புரூட்டசு. அவர் இளமையில் நாணய அதிகாரியாக இருந்தபோது, விடுதலைத் தெய்வத்தின் முகத்தையும், அரசர்களைத் துரத்திக் குடியரசை நிறுவிய தம் முன்னோரையும் காசுகளிற் பொறித்தவர். அத்தகையவர் கி.மு. 42 இல் படைதிரட்டிக் கொண்டிருந்தபோது வீரர்களுக்கு ஊதியம் தர அடித்த காசில் யாருடைய முகம் இருக்கிறது? அவருடைய முகமேதான்!

மாணவர்களே, இந்த இடத்தில் நான் வகுப்பில் நெடுநேரம் நிற்பது வழக்கம். சீசரின் எந்தச் செயல் முடியாட்சியின் அடையாளம் என்று அவர்கள் சினந்தார்களோ, அதே செயலை இரண்டே ஆண்டுகளில் அவரைக் கொன்றவரும் செய்தார். புளுடார்க்கு முதலிய வரலாற்றாசிரியர்கள் புரூட்டசின் நேர்மையைப் பலவாறு புகழ்கின்றனர். ஆனால் நான்கு கிராம் எடைகூட இல்லாத ஒரு வெள்ளித்துண்டு அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. மறுபுறத்தைத் திருப்பினால் இரண்டு குறுவாள்கள். நடுவே, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் கம்பளிக் குல்லாய். கீழே மார்ச்சுத் திங்களின் நடுநாளைக் குறிக்கும் ஆறு எழுத்துகள். செய்த கொலையை நாள் குறித்துக் காசிலே விளம்பரம் செய்தவர் உலக வரலாற்றில் வேறு எவரையும் நான் அறியேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய காசியசு தியோ என்பவரும் இக்காசை மறவாது குறிப்பிடுகிறார். அதே ஆண்டு அக்டோபரில் பிலிப்பிப் போரில் தோற்றுப் புரூட்டசு தற்கொலை செய்துகொண்டார். வெள்ளியில் ஏறத்தாழ நூறு காசுகள் எஞ்சியுள்ளன; பொன்னில் மூன்றே அறியப்பட்டுள்ளன.

இக்காசு ஒன்று தமக்குக் கிடைக்கப் போவதாகப் பெருமகிழ்ச்சியுடன் எழுதினார் அவர். விற்பவர் வணிகர் ஒருவர். காசு அப்போதுதான் அச்சிட்டதுபோல் இருந்தது. விலையோ ஏலங்களிற் கேட்கும் விலையில் பாதி. ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் பழைய திரட்டிலிருந்து வந்தது என்று ஒரு தாளும் உடனிருந்தது. பத்து நாளில் பணம் செலுத்த வேண்டுமாம்.

வகுப்பில் 'நீ' என்று அழைத்த பழக்கத்தை நான் கடிதத்திலும் விட்டதில்லை. 'நீ பணம் அனுப்பாதே. முதலில் நான் சொல்வதைப் படி' என்று எழுதினேன். 2020 அக்டோபரில் இலண்டனில் இக்காசின் பொன்வடிவம் ஒன்று ஏறத்தாழ 32 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அதுவரை எந்தப் பழங்காசும் அவ்வளவு விலைபோனதில்லை. அதற்கும் ஒரு பழைய திரட்டின் பெயர் சொல்லப்பட்டது. அப்பெயர் பொய் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அக்காசைக் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்தனர். எல்மாலிச் செய்தியையும் நினைவூட்டினேன்.

பிறகு ஒரே ஒரு கேள்வியை விற்பவரிடம் கேட்கச் சொன்னேன்: இக்காசின் படம் 1970 க்கு முன் அச்சான எந்தப் பட்டியலிலாவது உண்டா? பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்க யுனெசுகோ நிறுவனம் உடன்படிக்கை கண்ட ஆண்டு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஏலப் பட்டியல்கள் படத்துடன் அச்சாகின்றன. படம் எவ்வாறு சான்றாகும் என்று நீங்கள் கேட்கலாம். இக்காலக் காசுகள் இயந்திரத்தில் ஒன்றுபோல் பிறப்பவை. அக்காலத்திலோ, பட்டடையில் பதித்த கீழச்சின்மேல் வெள்ளிவில்லையை வைத்து, மேலச்சைக் கையாற்பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். ஒரே அச்சில் அடித்தாலும் ஒன்றில் முகம் இடப்பக்கம் சாயும். ஒன்றில் எழுத்து விளிம்புக்கு வெளியே போகும். ஒன்றின் ஓரத்தில் வெடிப்பு விழும். ஆகவே எந்த இரண்டு காசும் முற்றும் ஒத்திரா. கைரேகையைப்போல, பழைய படத்தையும் கையிலுள்ள காசையும் ஒப்பிட்டு அதுவா அன்றா எனத் துணியலாம்.

விற்பவர் படம் தரவில்லை. வேறொருவர் காத்திருக்கிறார் என்று விடை வந்தது. மாணவரிடமிருந்து எனக்கும் இரண்டு மாதம் கடிதமில்லை. கையில் வந்த பொருளைக் கெடுத்தேன் என்று அவர் வருந்தியிருக்கலாம். உறுதியான சான்று எதுவும் என்னிடம் இருக்கவில்லை. ஒருகால் அக்காசு உண்மையானதாகவும் முறையானதாகவும் இருந்திருக்கக்கூடும். அந்த இரண்டு மாதமும் நானும் நிம்மதியாக உறங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

'உங்களிடம் அப்பணம் இருந்தால் எதை வாங்குவீர்கள்?' என்று நீங்கள் என்னைக் கேட்பீர்களாயின், என் விடை வேறு. 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு ஒன்று காணப்படுகிறது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகவே கொள்க என்று காட்டவே வெட்டினர் எனக் கருதுவோர் உளர். காரணம் எதுவாயினும், உலகை ஆண்ட உரோமனின் முகத்தில் நம் ஊரில் ஒருவன் கவலையின்றி உளியை வைத்தான் அன்றோ! ஆனால் இந்நாட்டு மண்ணிற் கிடைக்கும் புதையல் விலைக்கு வாங்குவதற்கு உரியதன்று. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எப்புதையலையும் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உங்கள் வயலில் ஏர்முனையில் பானை தட்டுப்பட்டால் இதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் ஒரு கடிதமும் ஒரு நிழற்படமும் வந்தன. அவர் புரூட்டசின் காசையே வாங்கியிருந்தார்; ஆனால் முன்னதை அன்று. இது தேய்ந்த காசு. புரூட்டசின் மூக்கு மழுங்கியிருக்கிறது. ஒரு வாளின் முனை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. மாதப்பெயரின் கடைசி எழுத்து பாதிதான் உள்ளது. முதற்காசுக்குக் கேட்ட விலையைவிட இதற்குக் கூடுதலாகவே கொடுத்திருந்தார். உடன், எழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஏலப் பட்டியலின் பக்கம் ஒன்றின் படியும் இருந்தது. உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து இரண்டையும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒப்பிட்டேன். அதே சாய்வு, அதே வெடிப்பு, பாதி எழுத்தும் அதேதான்.

கடிதத்தின் அடியில், பதினொரு வயதுள்ள அவர் மகன் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தான். இரண்டு வாள்களின் கைப்பிடியும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன, தாத்தா, என்று கேட்டிருந்தான். ஒன்று புரூட்டசினுடையது, மற்றொன்று அவர் தோழர் காசியசினுடையது என்று சொல்வோர் உண்டு. அதை எழுதத் தொடங்கி, அதற்குச் சான்று என்ன என்று அவன் அடுத்துக் கேட்பானே என்ற நினைவு வர, புத்தகங்களை மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.