இரட்டை கார்டு பிறந்த கதை

1998-இல் வந்த வூடூ2, முப்பரிமாண கேம்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கிராபிக்ஸ் கார்டுகளில் முதல் வரிசையில் நின்றது. சிலிக்கான் கிராபிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர்கள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஆனாலும் 800-க்கு 600 என்ற அளவுக்கு மேல் அதனால் படம் வரைய முடியவில்லை. காரணம், இடம் போதவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். படத்துக்கென்று அந்தக் கார்டில் இருந்த நினைவகம் 4 மெகாபைட். திரையில் தெரிகிற படம், அடுத்து வரவேண்டிய படம், எது முன்னால் எது பின்னால் என்கிற ஆழக் கணக்கு ஆகிய மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒவ்வொன்றிலும் 2 பைட். 800-க்கு 600 என்றால் ஏறக்குறைய 2.75 மெகாபைட், அடங்கிவிடும். 1024-க்கு 768 என்றால் 4.5, அடங்காது.

இன்னொரு கார்டைச் செருகி, திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு போட்டுவிடலாம் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. எஸ்எல்ஐ என்று பெயர். ஒரு கார்டு ஒற்றைப்படை வரிகளை வரையும், மற்றது இரட்டைப்படை வரிகளை. ஒவ்வொன்றுக்கும் இப்போது 2.25 மெகாபைட் போதும். திரையை மேல்பாதி கீழ்பாதி என்று வெட்டியிருந்தால், வெறும் வானம் வரைகிற கார்டு சும்மா இருக்க, தரையும் எதிரிகளும் வரைகிற கார்டு திணறும். அடுத்தடுத்த வரிகளில் இருப்பதோ அநேகமாக ஒரே காட்சி. வேலை தானாகவே சமமாகிவிடுகிறது. கிராபிக்ஸ் வரலாற்றில் இவ்வளவு அழகான பாகப்பிரிவினையை நான் வேறு பார்த்ததில்லை.

வூடூ2 முப்பரிமாணத்துக்கு மட்டுமான கார்டு. அதனால் சாதாரணத் திரைக்கு ஒரு கார்டு, அதிலிருந்து வூடூவுக்கு வெளியே ஒரு கேபிள், உள்ளே இரண்டு வூடூக்களையும் இணைக்கும் பட்டை வயர் என்று பெட்டிக்குள் மூன்று ஸ்லாட் போய்விடும். ஒரு குறையும் கூடவே பிறந்தது. பொருள்களின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர்கள் இரண்டு கார்டிலும் முழுதாக இருந்தாக வேண்டும். ஆகவே அந்த நினைவகம் 8 மெகாபைட் என்றால், இரண்டு கார்டு போட்டாலும் 8 தான்.

அடுத்துப் பரவலான ஏஜிபி ஸ்லாட் மதர்போர்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஜோடிக்கு இடமில்லை. த்ரீடிஎஃப்எக்ஸும் நொடித்துப்போனது. அதன் சொத்துகளை வாங்கிக்கொள்வதாக 2000 டிசம்பரில் அறிவித்த என்விடியா, ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுக்கு இடம் தந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்த பிறகு, 2004-இல் எஸ்எல்ஐக்கு மறுபடி உயிர் கொடுத்தது. மறுவருஷம் ஏடிஐ தன் கிராஸ்ஃபயரோடு வந்தது.

அதற்குள் கேம்கள் மாறிவிட்டிருந்தன. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போடும் ஒளி, நிழல் வித்தைகள் பெருகிவிட்டதால் வரிவரியாகப் பிரிப்பது சரிப்படவில்லை. பெரும்பாலும் இரண்டு கார்டுக்கும் முழுப் படத்தையே மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வினாடிக்கு எத்தனை படம் என்கிற எண் ஏறியது. ஆனால் படங்கள் சீரான இடைவெளியில் வராமல் கண்ணுக்குத் திக்கியது. பின்னாளில் முந்தைய படத்தை வைத்து அடுத்த படத்தை மெருகேற்றும் முறைகள் வந்தபோது, அந்த முந்தைய படம் மற்ற கார்டில் அல்லவா இருந்தது! 2021-இலிருந்து புதிய கேம்களுக்கான எஸ்எல்ஐ அமைப்புகளை (புரொஃபைல்) டிரைவரில் சேர்ப்பதையே என்விடியா நிறுத்திவிட்டது.

ஆகையால் கேமுக்கு இன்று யார் கேட்டாலும், கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கிற பெரிய கார்டு ஒன்றை வாங்குங்கள் என்றே சொல்வேன். வீட்டிலேயே ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டுபவர்களின் தேவை வேறு. மாதிரியின் முதல் பாதி அடுக்குகளை ஒரு கார்டிலும் மீதியை மற்றதிலும் வைக்கலாம். 24 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் 48 ஜிபி நிஜமாகவே கிடைக்கும். வூடூ2 ஜோடியால் தர முடியாமல் போனது இதுதான். இப்படி அடுக்காகப் பிரிக்கும்போது ஒரு கேள்விக்குப் பதில் வரும் வேகம் மட்டும் இரட்டிப்பாகாது. ஒரு கார்டு தன் பங்கை முடித்துத் தரும்வரை மற்றது காத்திருக்கும்.