மூளைக்கட்டித் தொடர் கண்காணிப்பில் கான்ட்ராஸ்ட் ஊசி: தேவையும் வரம்பும்

முன்னுரை

மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்கள் பல ஆண்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி தேவைதானா என்று அவர்கள் கேட்பது நியாயமே. எல்லோருக்கும் எப்போதும் போடுவது என்ற வழக்கம் ஒருபுறம். உலோகம் உடலில் தங்கிவிடும், வேண்டவே வேண்டாம் என்ற அச்சம் மறுபுறம். இரண்டுமே பிழை. கட்டி எவ்வகையைச் சேர்ந்தது, இந்த ஸ்கேனில் தெரிய வேண்டியது என்ன என்ற இரண்டுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. ஊசி காட்டுவது எதை?

கடோலினியம் மருந்து பழுதற்ற குருதி–மூளைத் தடுப்பைக் கடப்பதில்லை. தடுப்பு சிதைந்த இடத்தில் கசிந்து, டி1 எனப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடத்தை வெண்மையாக்குகிறது. ஆகவே அந்த வெண்மை தடுப்பின் சிதைவுக்குச் சான்று. கட்டி வளர்ந்ததற்கு நேர்ச்சான்று அன்று.

இந்த வேறுபாடு சிகிச்சையில் பெரும் விளைவுகளை உண்டாக்குகிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சும் டெமோசோலமைடு மருந்தும் தந்த முதல் 12 வாரங்களில் வெண்மை பெருகிப் பின் தானே தணிவதுண்டு. இப்போலி வளர்ச்சியை மெய்யென நம்பினால் பயன்தரும் மருந்தே கைவிடப்படும். மாறாக, பெவசிசுமாப் என்ற மருந்து இரத்தக் குழாய்களின் கசிவை அடக்குவதால் வெண்மை விரைவில் மங்கும். கட்டியோ, ஃபிளேர் என்ற மற்றொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் பரவிக்கொண்டிருக்கலாம். சிகிச்சையின் பலனை மதிப்பிடும் 1990-இன் மெக்டொனால்டு அளவுகோல் வெண்மைப் பகுதியையே அளந்தது. 2010-இல் வந்த ரானோ அளவுகோல் டி2, ஃபிளேர் மாற்றங்களையும் கணக்கில் சேர்த்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

2. தவிர்க்கக் கூடாத இடங்கள்

கிளியோபிளாஸ்டோமா, மூளைக்குப் பரவிய புற்றுநோய், மெடுல்லோபிளாஸ்டோமா ஆகியவற்றில் ஊசியின்றிக் கண்காணிப்பது ஆபத்து. சில மில்லிமீட்டர் அளவேயான புதிய பரவல்களும், மூளை உறைகளில் படரும் மெல்லிய படலமும் டி2 படத்தில் எளிதில் தப்பிவிடும். அறுவைக்குப் பின் எஞ்சிய கட்டியை அறியவும் ஊசி வேண்டும். அந்த ஸ்கேனை 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நலம். நாள் செல்லச் செல்ல, ஆறும் திசுவும் வெண்மை காட்டத் தொடங்கும். தேங்கிய இரத்தமும் டி1-இல் வெண்மையாகத் தெரிவதால், ஊசிக்கு முந்தைய டி1 படமும் இன்றியமையாதது.

3. தவிர்க்க இடமுள்ளவை

செவி நரம்பில் எழும் ஷ்வனோமாவைச் சுற்றி மூளைத் தண்டுவட நீர் இருக்கிறது. நுண்ணிய அடுக்குகளாக எடுத்த டி2 படத்தில் வெண்ணிற நீரின் நடுவே கட்டியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். பரிமாணத்தை அளக்க அதுவே பெரும்பாலும் போதும். அறுவை செய்யாமல் பார்த்துவரும், நிலையான மெனிஞ்சியோமாவுக்கும் பல வேளைகளில் இது பொருந்தும். அறுவைக்குப் பின் உறையோடு ஒட்டி எஞ்சியிருக்கும் மெனிஞ்சியோமாவுக்குப் பொருந்தாது.

வெண்மை காட்டாத இரண்டாம் தர கிளியோமாவின் வளர்ச்சியை அளப்பவை டி2, ஃபிளேர் படங்களே. 2023-இல் வெளிவந்த ரானோ 2.0-உம் இத்தகைய கட்டிகளை அப்படியே மதிப்பிடுகிறது. ஆனால் இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு: இக்கட்டி உயர்தரமாக மாறுவதன் அடையாளம், புதிதாகத் தோன்றும் வெண்மையாகவே இருக்கலாம். இம்மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். ஆகவே இவ்வகையில் ஊசியை முற்றிலும் விலக்க முடியாது. இடைவெளி விட்டுத் தரலாம். ஃபிளேர் படம் மாறினாலோ, வலிப்பு கூடினாலோ, புதிய குறைபாடு தோன்றினாலோ உடனே தர வேண்டும்.

4. அச்சத்தின் அளவு

கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிப்பட்டது. 2014-இல் ஜப்பானியரான டோமோனோரி கண்டாவின் குழு, பலமுறை ஊசி பெற்றவர்களின் மூளையில் டென்டேட் உட்கரு போன்ற பகுதிகள், ஊசி போடாத டி1 படத்திலேயே ஒளிர்வதைக் காட்டியது. நேர்சங்கிலி வடிவ மருந்துகளே அதிகம் தங்குகின்றன. வளைய வடிவ மருந்துகள் உலோகத்தை இறுகப் பிடித்துவைக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நேர்சங்கிலி மருந்துகளை மூளை ஸ்கேன் பயன்பாட்டிலிருந்து நிறுத்தியது. மூளையில் தங்கும் இச்சிறு அளவு நரம்புக்குத் தீங்கு செய்வதாக நிறுவப்படவில்லை. எனினும், பல பத்தாண்டுகள் ஸ்கேன் எடுக்க வேண்டிய குழந்தைகளிடத்திலும் கருவுற்றோரிடத்திலும் தேவையற்ற ஒவ்வோர் ஊசியையும் தவிர்ப்பது கடமை.

முடிவுரை

நடைமுறை எளிது. ஃபிளேர், டி2, டிஃப்யூஷன் படங்களை முதலில் எடுத்து, கதிரியக்க மருத்துவர் அவற்றை முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். தவிர்க்க இடமுள்ள கட்டிகளில் அதன் பின்னரே ஊசியை முடிவு செய்யலாம். இதற்கு மருத்துவர் அப்போது அங்கிருப்பதும், ஒரே முறையில், ஒரே அடுக்குக் கனத்தில் படங்கள் எடுக்கப்படுவதும் அவசியம். ஸ்கேன் பரிந்துரைச் சீட்டில் "தொடர் பரிசோதனை" என்று மட்டும் எழுதுவது போதாது. கட்டியின் வகை, பெற்ற சிகிச்சை, விடை தேவைப்படும் கேள்வி மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். ஊசி போடுவதற்கோ தவிர்ப்பதற்கோ உரிய காரணத்தை நோயாளியிடம் விளக்கிச் சொல்வதும் மருத்துவத்தின் பகுதியே. அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாத ஸ்கேன், ஊசியோடு எடுக்கப்பட்டாலும் இன்றி எடுக்கப்பட்டாலும், முறையாகத் திட்டமிடப்படாத ஸ்கேனே.