குடி கேட்டவர்களும் இரத்தம் கேட்பவர்களும்

கல்லடியில் கலியாணப் பேச்சுக்கால் என்றால், சாதகத்துக்கு முன்பே என் அம்மம்மா “பொடியன் என்ன குடி?” என்றுதான் கேட்பா. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது; ஒரே குடிக்குள் மணமில்லை. இங்கத்தைய முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. கோயிலில் வண்ணக்கர் என்ற நிர்வாகப் பொறுப்பும் திருவிழா முறையும் குடி பார்த்தே அமைந்தன. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலும் குடிகளின் விபரம் உண்டு. ஒருவரின் தாய்வழி ஊரறிந்த சேதி. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நோய்வழியை மட்டும் ஒளித்தார்கள். “அந்தக் குடும்பத்தில வருத்தம் இருக்காம்” என்ற முணுமுணுப்பு போதும், அக்கா தங்கை எல்லாருடைய பேச்சுக்காலும் முறியும். (பரிகாரிமார் வாய் திறக்காதது நம் அதிர்ஷ்டம்.)

இப்படிப் பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவில் தாய் தகப்பன் இருவரும் அதன் காவிகளானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மணத்துக்கு முன் இரத்தம் பார்ப்பது நல்லதே. ஆனால் கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் கிடந்த காலம் போய், பதிவுகள் கணினிக்குள் ஏறுகின்றன. ஒருத்தியின் பரிசோதனை முடிவு கூடப்பிறந்தவர்களையும் காட்டிக்கொடுக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது.

மணம் முடிக்கும் இருவரும் அறியட்டும். தரகருக்கு இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டாதீர்கள்.