மெதடிஸ்து சபையாரும் பேராயர் பதவியும்

புதுச்சேரியின் வில்லியனூர், ஒதியம்பட்டு, பாகூர் வட்டாரங்களில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கிறிஸ்தவம் பெரும்பாலும் கத்தோலிக்கமாகவே இருந்தமையால், தமிழ்ப் புரொட்டஸ்டண்டு சபைகளின் பிணக்கையும் இணக்கத்தையும் அறிய, அதே ஆட்சிக்குட்பட்ட காரைக்காலின் இருபுறமும் அமைந்த தரங்கம்பாடியையும் நாகப்பட்டினத்தையும் நோக்க வேண்டும்.

மெதடிஸ்து இயக்கத்தின் தொடக்ககாலப் பிளவு ஒன்று மீட்பைப் பற்றியது. இறையருள் எல்லார்க்கும் உரியது என்று அவ்வியக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி 1739இல் பிரசங்கிக்க, மீட்கப்படுவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொண்டான் என்னும் கால்வினியக் கொள்கையைப் பற்றிநின்ற ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு அவரிடமிருந்து விலகினார். வேல்ஸ் நாட்டுக் கால்வினிய மெதடிஸ்துகள் 1841இல் காசி மலைக்குச் சென்றனர். தமிழகத்துக்கு வந்தவர்களோ வெஸ்லியின் வழியினர். இலங்கைக்குப் புறப்பட்ட வெஸ்லியன் குரு தாமஸ் கோக் 1814இல் கடற்பயணத்திலேயே இறந்துபோக, அவருடன் வந்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னையை அடைந்தார். பின்னர் நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர் ஆகிய ஊர்களிலும் வெஸ்லியன் சபைகள் எழுந்தன.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார், ஆங்கிலிக்கன் பேராயர் வி. எஸ். அசரியா முதலியோரின் முயற்சியால், சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். ஆங்கிலிக்கன் சபைக்கும், கால்வின் மரபினர் நிறைந்த தென்னிந்திய ஐக்கிய சபைக்கும் இடையே தொடங்கிய பேச்சில் வெஸ்லியன் சபை 1925இல் சேர்ந்தது. பழைய கால்வினியப் பூசல் இங்கே தடையாகவில்லை என்பது கருதத்தக்கது. தடையாக நின்றது குருப்பட்டம் அளிக்கும் அதிகாரமே. பேராயர் மட்டுமே பட்டம் அளிக்கலாம் என்பது ஆங்கிலிக்கன் மரபாயிருக்க, பேராயர் அல்லாத வெஸ்லி 1784இல் அமெரிக்காவுக்கெனச் சிலருக்குத் தாமே பட்டம் அளித்திருந்தார். பிரிட்டிஷ் மெதடிஸ்துகள் பேராயர் இன்றியே சபை நடத்திவந்தனர். எனவே அவர்தம் குருமார் மறுபடியும் பட்டம் பெற வேண்டும் என்பது, அதுவரை அவர்கள் ஆற்றிய திருப்பணியையே மறுப்பதாகும்.

கண்ட தீர்வு துணிச்சலானது: பேராயர் பதவியை எல்லாரும் ஏற்பர், ஆயினும் அதற்கு இன்ன பொருள்தான் என்று யாரும் கட்டாயப்படுத்தப்படார், முன்னரே பட்டம் பெற்றோர் அப்படியே ஏற்கப்படுவர், இனி வருவோர்க்குப் பேராயரே பட்டம் அளிப்பார். மெதடிஸ்து மாகாண சினாடு 1943இல் இசைந்தது. ஆங்கிலிக்கன் சபை 1945இலும் ஐக்கிய சபை 1946இலும் இசைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது பிரசங்கித்தவர் ஜே. எஸ். எம். ஹூப்பர் என்னும் மெதடிஸ்து குரு.

பேராயரே இல்லாத பிரிட்டிஷ் மரபினர் உள்ளே வர, பேராயர் உள்ள அமெரிக்க மெதடிஸ்துகள் வெளியே நின்றனர். சென்னை வேப்பேரி உள்ளிட்ட அவர்தம் சபைகள் வட இந்தியச் சபைகளுடனும் அமெரிக்கப் பொது மாநாட்டுடனும் ஒரே கட்டமைப்பில் பிணைந்திருந்தன. அவை 1981இல் இந்திய மெதடிஸ்து திருச்சபை என்னும் பெயரில் தன்னாட்சி பெற்றன. யாழ்ப்பாணத்திலும், ஐக்கிய சபையைச் சேர்ந்த அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைய, அண்டை மெதடிஸ்துகள் தனித்தே இருந்து, 1964இல் தன்னாட்சி பெற்ற இலங்கை மெதடிஸ்து திருச்சபையின் பகுதியாயினர்.