அரிவாள் செல் சோகை

அரிவாள் செல் சோகை பெற்றோர் வழியாக வரும் இரத்த நோய். 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது இதற்குக் காரணம். மாறிய மரபணு உருவாக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக நீள்கிறது. வட்டமான சிவப்பணு விறைத்து, அரிவாள் போல வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. எலும்பு மூட்டுகளில் தாங்கமுடியாத வலி, அடிக்கடி தொற்று, மண்ணீரல் சேதம், சிறு வயதிலேயே பக்கவாதம் ஆகியவை இதன் விளைவுகள். இயல்பான சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். வளைந்தவை சில வாரங்களுக்குள்ளேயே அழிவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் இருப்பதில்லை. அவர் அதைச் சுமப்பவர் மட்டுமே. சுமப்பவர்கள் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மருத்துவ ஏட்டில் நோய் பதிவானது 1910இல். கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த இளைஞரின் இரத்தத்தில் கண்ட வினோத வடிவ அணுக்களை ஜேம்ஸ் ஹெரிக் விவரித்தார். நுண்ணோக்கியில் அவற்றை முதலில் பார்த்தவர் அவரிடம் பயிற்சியில் இருந்த எர்னஸ்ட் அயன்ஸ். ஆப்பிரிக்காவுக்கோ இந்நோய் பழையது. கானா நாட்டு மருத்துவர் கொனொடே-அஹுலு தம் குடும்பத்தில் இந்நோய் வந்த தடத்தைத் தலைமுறை தலைமுறையாக 1670 வரை பின்னோக்கிக் கண்டறிந்தார். 'கண்டுபிடிப்பு' என்று 1910ஐச் சொல்லும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1949இல் லைனஸ் பாலிங்கும் ஹார்வி இட்டானோவும் சகாக்களும் நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டினர். சுமப்பவர்களின் இரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. ஒரு நோயின் மூலம் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று நிறுவப்பட்டது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஜேம்ஸ் நீல் இது பரம்பரையாக இறங்கும் முறையைத் தெளிவாக்கினார். சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிரம் பிழையின் இடத்தையே சுட்டிவிட்டார்: புரதச் சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின்.

இத்தனை கெடுதி செய்யும் மரபணு ஏன் மறைந்துபோகவில்லை? கென்யாவில் வளர்ந்த அந்தோணி அல்லிசன் 1954இல் விடை தந்தார். இம்மரபணுவைச் சுமப்பவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா மிகுந்த நிலங்களில் ஒற்றை நகல் கவசம். இரட்டை நகல்தான் நோய். எனவே இதை வெறும் 'கெட்ட மரபணு' என்று ஒதுக்குவது அறிவியலாகாது.

1952இல் ஹெர்மன் லேமனும் மரீ கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதே மரபணுவைக் கண்டனர். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்ற கருத்துக்கு இது பொருந்தவில்லை. பிறகு மத்திய இந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் பல பழங்குடிச் சமூகங்களில் இது பரவலாக இருப்பது தெரியவந்தது.

நோயைப் புரிந்துகொண்ட வேகம் சிகிச்சையில் இல்லை. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை இந்நோய்க்குத் தர அமெரிக்க அனுமதி 1998இல்தான் கிடைத்தது. ஆனால் சுமப்பவர்களை அடையாளம் காணும் அவசரம் வெகு முன்பே வந்துவிட்டது. சுமப்பவர்கள் ஒருவரை ஒருவர் மணந்துகொள்ளாதிருக்க இளைஞர்களின் நெற்றியில் குறி பச்சை குத்த வேண்டும் என்று 1968இல் எழுதியவர் வேறு யாருமல்ல, இரண்டு நோபல் பரிசு பெற்ற அதே பாலிங். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் வந்தன. நோயே இல்லாத சுமப்பவர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர். அந்நாட்டு விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. 1972இன் கூட்டாட்சிச் சட்டம் பரிசோதனையை விருப்பத்துக்கு விட்டது. மரபணு அறத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எதிர்காலக் குழந்தைகளைச் சுற்றியே நடக்கிறது. நடந்து முடிந்த இந்த அநியாயம்தான் அதற்கு முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

நோய் தீரும் வழி எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டுமே என்றிருந்த நிலை 2023இல் மாறியது. கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தும் 'காஸ்கெவி' சிகிச்சைக்கு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. இது பிழையான எழுத்தை நேரடியாகத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும்போது சுரந்து, பிறந்தபின் அடங்கிவிடும் கரு ஹீமோகுளோபினைப் பூட்டிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை இரத்த ஸ்டெம் செல்களில் முடக்கி, அது மீண்டும் சுரக்க வழிசெய்கிறது. நோயாளியின் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, கடும் கீமோ மருந்தால் மஜ்ஜையைக் காலிசெய்த பிறகு திரும்பச் செலுத்துகிறார்கள். அந்தக் கீமோவால் பிள்ளைப்பேறு வாய்ப்பும் குறையலாம். அனுமதி கிடைத்த 2023இல் அமெரிக்க விலை 22 லட்சம் டாலராக இருந்தது. நோயாளிகளில் பெரும்பான்மையினர் வாழும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இந்தியக் கிராமங்களுக்கும் இது எட்டாத தொலைவு.

இங்கே திருத்தம் அந்த நோயாளியோடு முடிகிறது, சந்ததிக்குப் போவதில்லை. கருவையே திருத்துவது வேறு விஷயம். 2018இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாதிருக்க என்று சொல்லி, கருநிலையில் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எச்.ஐ.வி.யைத் தவிர்க்க எளிய வழிகள் இருக்க, பிறக்கப்போகும் குழந்தைகளையும் அவர்களின் சந்ததியையும் சோதனைப் பொருளாக்கியது உலகெங்கும் கண்டனத்துக்குள்ளானது. மறு ஆண்டு அவருக்கு மூன்றாண்டு சிறை. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சந்ததிக்குச் செல்லும் மரபணுச் சிகிச்சையைத் தடைசெய்கின்றன.

2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் இந்நோயை 2047க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்காக வைக்கப்பட்டது. பரிசோதித்தவர்களுக்கு மரபணு நிலையைக் காட்டும் அட்டை தரப்படுகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணத்துக்கு முன் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் சுமப்பவர் என்றாலே நோயாளி என்று எண்ணும் ஊரில் அந்த அட்டை ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் அட்டையை மட்டும் வழங்குவதில் உள்ள ஆபத்து அதுவே. மாறாக, நீலகிரியில் கூடலூரின் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் பரிசோதனையோடு மருந்தும் தொடர் கவனிப்பும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன.